கவிழ்ந்தாலும் எழுந்திருக்கணும்!

மணிக்கு 8 கிலோமீட்டர்!

இந்த வேகத்தில் ஒரு டவுன் பஸ் ஓடினால், உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போய்ச் சேர்வதற்குள் கண்டக்டரோடு நாலு பேர் சண்டைக்குப் போயிருப்பார்கள். டாக்டர் பயமுறுத்திவிட்டாரே என்று விடியற்காலை ஏரிக்கரையில் மூச்சு வாங்க ஓடுகிற தொந்தி ஆசாமிகள்கூட இந்த வேகத்தைத் தொட்டுவிடுவார்கள். இந்த வேகத்தில்தான் சார், இரண்டு பெண்கள் பூமியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்கள்!

கடற்படை அதிகாரிகள். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. தில்னா கேரளம், ரூபா அழகிரிசாமி நம் பக்கத்து புதுச்சேரி. 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் கிளம்பினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவு, தென்னாப்பிரிக்கா என்று நாலே நாலு இடங்களில் நின்றார்கள். 2025 மே 29-ம் தேதி மறுபடி கோவா. மொத்தம் சுமார் 47,500 கிலோமீட்டர். துறைமுகத்தில் நின்ற நாட்களையும் சேர்த்து வகுத்துப் பார்த்தால் கிடைப்பதுதான் மேலே சொன்ன 8. (பி.காம். படித்ததற்கு இந்த மாதிரி வகுத்தல் கணக்காவது உதவுகிறது!)

வண்டி? ஐ.என்.எஸ்.வி. தாரிணி. சுமார் 56 அடி நீளப் பாய்மரப் படகு. ஒன்றரை பஸ் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் இருக்கிறது. ஆனால் அது துறைமுகத்துக்குள் நுழைய, கிளம்ப. நடுக்கடலில் காற்றுதான் டிரைவர்.

இந்தச் செய்தியை எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு நண்பரிடம் சொன்னேன். கூட்டுறவு சங்கத்தில் வேலை. எதையும் ஆடிட் செய்யாமல் நம்பமாட்டார். பன்னை டீயில் நனைத்துக்கொண்டே இரண்டு கேள்வி கேட்டார்.

"அது சரிப்பா... காத்து பின்னாடியிருந்து அடிச்சா படகு போவும். எதிர்ல அடிச்சா? நட்ட நடுக் கடல்ல எறங்கித் தள்ளுவாங்களா?"

"இன்னொண்ணு. கவுந்துட்டா?"

நியாயமான கேள்விகள். உத்திரமேரூரில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் பராந்தக சோழன் காலத்திலேயே குடவோலை போட்டு வாரியம் அமைத்தார்கள். ஏரிக்கென்று தனி வாரியமே இருந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கடல் வாரியம் கிடையாது. கடல் பார்க்க பஸ் மாற வேண்டிய ஊர். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு பாய்மரப் படகு பற்றிக் கேட்டால், இந்த இரண்டு கேள்வியைத்தான் கேட்கத் தோன்றும். வேடிக்கை என்னவென்றால், உலகம் சுற்றும் படகை வடிவமைக்கிற என்ஜினீயருக்கும் மண்டைக்குடைச்சல் இதே இரண்டுதான்.

முதல் கேள்வி சுலபம். தர்பூசணி விதை ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். சர்ரென்று முன்னால் பாயும். நீங்கள் அழுத்தியது இரண்டு பக்கத்திலிருந்து. அது பாய்வது மூன்றாவது திசையில். பாய்மரப் படகும் அந்த விதை மாதிரிதான். மேலே பாயைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. கீழே தண்ணீருக்குள் ஒரு பெரிய தடுப்பு இருக்கிறது. பக்கவாட்டில் போகவிடாமல் அது எதிர்த்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட படகு, வேறு வழியில்லாமல் முன்னால் நழுவுகிறது.

அதற்காக மூக்குக்கு நேரே வருகிற காற்றை எதிர்த்துப் போக முடியுமா? முடியாது. அதற்கு வலது பக்கம் ஏறத்தாழ 45 டிகிரி ஒதுங்கிக் கொஞ்ச தூரம், அப்புறம் சடாரென்று திருப்பி இடது பக்கம் 45 டிகிரியில் கொஞ்ச தூரம். ஏற்காடு மலைப்பாதையில் ஹேர்பின் வளைவுகளில் பஸ் ஏறுகிற மாதிரி. நேர்ப்பாதை 100 கிலோமீட்டர் என்றால் இப்படி வளைந்து வளைந்து 140 போகவேண்டியிருக்கும். ஆனாலும் போய்ச் சேரலாம்.

"அப்ப பாய் வெறும் துணி இல்லை, ஏரோப்ளேன் ரெக்கை மாதிரி!" என்றார் நண்பர். கற்பூர புத்தி. காற்றைப் பிடித்து அடைத்துவைக்கிற பை அல்ல அது. காற்று அதன் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும். அந்த ஓட்டத்தில் பிறக்கிற இழுவைதான் படகுக்குப் பெட்ரோல்.

சரி, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? பாயைப் பெரிசாக்கினால் பறக்காதா?

பறக்காது. படகு போகும்போது மூக்கில் ஓர் அலை எழுப்பும். வாலில் ஓர் அலை. வேகம் கூடக் கூட இந்த இரண்டு அலைக்கும் நடுவில் உள்ள தூரம் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் படகின் நீளமும் அலையின் நீளமும் ஒன்றாகிவிடும். அதற்குமேல் வேகம் வேண்டுமென்றால், படகு தான் எழுப்பிய மேட்டில் தானே ஏறவேண்டும். கடன் வாங்கிக் கடன் அடைக்கிற கதைதான். எவ்வளவு சம்பளம் வந்தாலும் மேடு குறையாது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீரில் படுகிற நீளத்தை அடியில் எழுதிக்கொள்ளுங்கள். வர்க்கமூலம் கண்டுபிடியுங்கள். 1.34-ஆல் பெருக்குங்கள். வருவது நாட் கணக்கில் படகின் உச்ச வேகம். 49 அடி என்றால் வர்க்கமூலம் 7, வேகம் 9.4 நாட், அதாவது மணிக்குப் பதினேழரை கிலோமீட்டர். அலைச் சறுக்கில் சில நிமிஷம் இதைத் தாண்டலாம். நாள் முழுக்கத் தாண்ட முடியாது. இப்படிப்பட்ட கனமான படகுகளுக்கு நீளம்தான் வேகம்.

நிஜமாகவே நீளம் இவ்வளவு வேலை செய்கிறதா? இரண்டு உதாரணம். எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் இங்கிலாந்தின் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூனில் கிளம்பி 1969 ஏப்ரலில் திரும்பினார். பத்து மாதத்துக்கு மேல். அவருடைய படகு 'சுஹைலி' 32 அடிதான். அது கட்டப்பட்டது எங்கே தெரியுமோ? நம் பம்பாயில், தேக்கு மரத்தில்! அதே சாதனையைச் செய்த முதல் இந்தியர் கமாண்டர் அபிலாஷ் டோமி. 2012 நவம்பர் 1-ல் மும்பையில் கிளம்பினார். 2013 மார்ச் 31-ல் திரும்பிவிட்டார். 151 நாள். அவருடைய படகு 'மாதேய்' 56 அடி. பாதை வேறு, காலம் வேறு, கருவிகள் வேறு. இருந்தாலும் அந்த 24 அடி வித்தியாசத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் 100 அடியில் கட்டவேண்டியதுதானே என்பீர்கள். கட்டலாம். பாயை இழுக்க ஆள்? பாயின் பரப்பு ஏறினால் கயிற்றின் இழுவையும் ஏறும். ஒருத்தரோ இரண்டு பேரோ நடுராத்திரியில், ஆடுகிற தளத்தில், குளிரில் விறைத்த விரல்களால் சமாளிக்க வேண்டும். 56 அடி என்பது ஒரு சமரசம். வேகத்துக்கும் மனித முதுகெலும்புக்கும் நடுவில் போட்ட ஒப்பந்தம்.

இப்போது நண்பரின் இரண்டாவது கேள்வி. கவிழ்ந்துவிட்டால்?

சென்னைப் பெண் நேத்ரா குமணனை ஞாபகம் இருக்கும். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணனும் ஒலிம்பிக் போனவர். இவர்கள் ஓட்டுவது லேசர் வகைப் படகு. 14 அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஆள் எடைதான் இருக்கும். அதில் கவிழாமல் தடுக்கிற எடை எது? ஓட்டுகிறவரின் உடம்பு! காற்று ஒரு பக்கம் சாய்த்தால், இவர் மறுபக்கம் வெளியே மல்லாந்து தொங்குவார். ஒரு நொடி கவனம் தப்பினால் தொபுக்கடீர். பரவாயில்லை, கீழே ஏறி மிதித்து நிமிர்த்திக்கொள்ளலாம். போட்டிக்கு அது போதும்.

எட்டு மாதம் கடலில் இருப்பவர்கள் அப்படித் தொங்கிக்கொண்டிருக்க முடியுமா? தூங்கவேண்டும், சோறு பொங்கவேண்டும், காற்று கோபித்துக்கொண்டால் கோட்டு போட்டுக்கொண்டு கதவைச் சாத்தவேண்டும். ஆகவே படகு தன் காலில் தானே நிற்கவேண்டும்.

இங்கேதான் வருகிறது கீல். நம் கடற்கரை ஆசாரிகள் 'ஏரா' என்பார்கள். முதல் கேள்விக்குப் பதில் சொன்னபோது தண்ணீருக்குள் ஒரு தடுப்பு என்றேனே, அதுதான். தடுப்பு வேலை போக அதற்கு இன்னொரு உத்தியோகம் உண்டு. அதில் ஈயத்தையோ இரும்பையோ கொட்டி வைத்திருப்பார்கள். இந்த வகைப் பயணப் படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அடியில் தொங்கும்.

எதற்கு? உங்கள் வீட்டு ஷோகேஸில் தஞ்சாவூர்ப் பொம்மை இருந்தால் எடுங்கள். ராஜா பொம்மையோ செட்டியார் பொம்மையோ, அடிப்பாகம் உருண்டையாக, கனமாக இருக்குமே, அது. தலையில் ஒரு தட்டு தட்டுங்கள். சாயும். ஆடும். எழுந்து நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும். தரையோடு சேர்த்துப் படுக்கவைத்துக் கையை எடுத்தாலும் எழுந்துவிடும். பொம்மை புத்திசாலி என்பதால் அல்ல. கனம் முழுக்கக் காலடியில் இருக்கிறது என்பதால்.

தாரிணியும் அந்தப் பொம்மையின் சொந்தக்காரிதான். 25 மீட்டர் பாய்மரம் அதற்கு. எட்டு மாடி உயரம்! அதில் காற்று மோதி, படகைச் சாய்க்கச் சாய்க்க, அடியில் இருக்கிற கனம் பக்கவாட்டில் மேலே வரும். எவ்வளவு மேலே வருகிறதோ அவ்வளவு பலமாகக் கீழே இழுக்கும். நல்ல பயணப் படகு 90 டிகிரி சாய்ந்து பாய்மரம் தண்ணீரில் படுத்துவிட்டாலும் எழுந்திருக்கும். 120 டிகிரி வாக்கில் போய்த் திரும்பி வருகிற மாதிரி கணக்குப் போட்டுத்தான் வரைவார்கள். அதையும் தாண்டி முழுசாகத் தலைகீழானால்? அந்த நிலையில் அது நிம்மதியாக இருக்காது. அடுத்த பெரிய அலை வந்து இடித்ததும் புரண்டுவிடும். ஒரே நிபந்தனை: கதவு, மூடி எல்லாம் இறுக்கமாகச் சாத்தியிருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போனால் பொம்மைக் கணக்கு செல்லாது.

இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஒரு சின்ன வருத்தச் செய்தி. 'கேட்டமரான்' என்று உலகமே சொல்கிற இரட்டை உடல் படகின் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. பெயர்தான் நம்முடையது, உருவம் வேறு. கேட்டமரான் அகலத்தால் நிற்கும். சாயவே சாயாது, டம்ளரில் வைத்த காபி சிந்தாது. ஆனால் ஒரு தடவை குப்புறப் புரண்டுவிட்டால், அதே அகலம் அதைத் தலைகீழாகவே அசையாமல் நிற்கவைத்துவிடும். கட்டுமரத்துக்கு அந்தக் கவலை இல்லை. அது வெறும் மரக்கட்டைகள். தண்ணீர் நிறைய இடமே கிடையாது. நம் மீனவர் புரட்டிப் போட்டு ஏறி உட்கார்ந்துவிடுவார். ஆனால் கட்டுமரத்தில் அண்டார்டிகா பக்கம் போய்ப் படுத்துத் தூங்க முடியாது. ஆகவே யாருமற்ற தென்கடலுக்குப் போகிற கடற்படை, ஒற்றை உடலும் கனத்த கீலும் உள்ள படகைத் தேர்ந்தெடுத்தது சரி என்பது என் கட்சி.

எல்லாம் பேப்பரில் சரி. நிஜத்தில்?

2018 செப்டம்பர் 21. தென் இந்தியப் பெருங்கடல். அதே அபிலாஷ் டோமி. இந்தத் தடவை 'கோல்டன் குளோப்' பந்தயம். நாக்ஸ்-ஜான்ஸ்டன் காலத்து மாதிரியே போகவேண்டும் என்பது நிபந்தனை. 32 முதல் 36 அடி, பழைய டிசைன், வழி காட்ட ஜி.பி.எஸ். கிடையாது. அபிலாஷின் படகு 'துரியா', பழைய சுஹைலியின் நகல். கோவாவில் கட்டியது. மூன்றாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். புயல் பிடித்துக்கொண்டது.

படகு பக்கவாட்டில் படுத்தது. அபிலாஷ், படுத்த பாய்மரத்தின்மேல் நிற்கவேண்டிய நிலை. அடுத்து என்ன? கீல் தன் வேலையைச் செய்தது! கனம் கீழே இழுக்க, படகு எழுந்தது. கூடவே பாய்மரமும் எழுந்தது. பாய்மரத்தோடு அபிலாஷும் போனார்... கைக்கடிகாரப் பட்டை மாட்டிக்கொண்டு உயரத்தில் தொங்கினார். பட்டை அறுந்தது. கீழே விழுந்ததில் முதுகெலும்பு போயிற்று. பாய்மரம் ஒடிந்தது. அசைய முடியாமல் உள்ளே கிடந்தார். பெர்த் நகரம் சுமார் 3,500 கிலோமீட்டர் தூரம். இந்தியக் கடற்படை விமானம் தேடிக் கண்டுபிடிக்க, 24-ம் தேதி ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கியது.

யோசித்துப் பாருங்கள். அவர் முதுகை உடைத்ததும் அந்த நிமிர்தல்தான். மூன்று நாள் அவரை மூழ்காமல் வைத்திருந்ததும் அதே நிமிர்தல்தான். பாய்மரம் போய், பாய் போய், ஆள் விழுந்து கிடந்த நிலையிலும் அந்த 32 அடி மரம் தலை மேல், கால் கீழ் என்று மிதந்துகொண்டிருந்தது. முதுகில் டைட்டானியம் வைத்துக்கொண்ட இந்த மனிதர் 2022-ல் மறுபடி அதே பந்தயத்துக்குப் போய், 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். நமக்கு முதுகுவலி வந்தால் மூன்று நாள் மெடிக்கல் லீவு!

நிமிர்ந்து நிற்பதற்கு அப்புறம்தான் மற்ற சமாசாரம். அதிலும் சில சுவாரஸ்யங்கள்.

மாதேய், தாரிணி இரண்டும் சகோதரிகள். வரைபடம் நெதர்லாந்தின் வான் டி ஸ்டாட் நிறுவனத்துடையது. கட்டியது கோவாவில் ரத்னாகர் டாண்டேகரின் அக்வேரியஸ் கப்பல் பட்டறை. உடம்பு முழு மரமும் இல்லை, முழு ஃபைபரும் இல்லை. நடுவில் மரம், இரண்டு பக்கமும் ஃபைபர் கிளாஸ். ஃபிரிட்ஜ் வாங்கும்போது வருகிற அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு தாள்களுக்கு நடுவில் நெளிநெளியாக ஒரு தாள். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணக் காகிதம். சேர்த்தால் மேலே ஏறி நிற்கலாம். அதே சூத்திரம். எடை குறைவு, விறைப்பு அதிகம். இப்படி உடம்பில் மிச்சம் பிடித்த எடையை கீலில் போடலாம். கம்பெனி பட்ஜெட் மாதிரிதான். ஓர் இடத்தில் குறைத்தால்தான் இன்னோர் இடத்துக்கு வரும்.

மாதேயில் 2009 ஆகஸ்ட்டில் கிளம்பி, நாலு இடத்தில் நின்று, 2010 மே மாதம் திரும்பிய திலீப் டோண்டேதான் தனியாக உலகம் சுற்றிய முதல் இந்தியர். தாரிணி 2017-ல் கடற்படையில் சேர்ந்தது. அதே வருஷம் செப்டம்பரில் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் அதில் கிளம்பி, 2018 மே 21-ல் திரும்பினார்கள். அந்தப் பயணத்தில் கடைசிக் கட்டத்தில்தான் படகு ஒரு வேலை காட்டியது. திசை திருப்புகிற ஸ்டீரிங்கில் கோளாறு. மொரீஷியஸில் ஒதுங்கிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பாய், மரம், கீல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. உலகம் சுற்றிய படகுகளின் கதைகளைப் படித்தால், பெரிய பாகங்களைவிட ஒரு போல்ட்டும் ஒரு கயிறும் கொடுத்த தொல்லைதான் அதிகம்.

பாய்மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மொட்டைமாடி டி.வி. ஆன்டெனாவை மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டினோமே, அப்படித்தான் அதுவும் நிற்கிறது. ஒரு கம்பி விட்டால் எட்டு மாடியும் காலி. அதனால்தான் கடலோடிகள் காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிறார்களோ இல்லையோ, கம்பிகளைப் பார்த்துவிடுவார்கள்.

இன்னொரு அருமையான சாதனம், படகின் வாலில் இருக்கிற காற்றாடித் தகடு. கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். படகு திசை மாறினால் காற்று தகட்டைச் சாய்க்கும். தகடு தண்ணீருக்குள் இருக்கிற ஒரு பலகையைத் திருப்பும். பலகை கயிற்றை இழுத்துச் சக்கரத்தைத் திருப்பும். படகு பழைய வழிக்கு வந்துவிடும். சம்பளம், போனஸ், லீவு எதுவும் கேட்காத மூன்றாவது மாலுமி.

காற்று இரண்டு மடங்கானால் பாயின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. இதை மறந்தவர்கள் கடலில் அதிக நாள் இருப்பதில்லை. காற்று ஏற ஏறப் பாயைச் சுருட்டிக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் புயலுக்கென்றே கர்சீஃப் மாதிரி குட்டிப் பாய் ஒன்று. தில்னாவும் ரூபாவும் நியூசிலாந்துக்கும் ஃபாக்லாந்துக்கும் நடுவில் 50 நாட் காற்றையும் 7 மீட்டர் அலையையும் பார்த்தார்கள். மணிக்கு 93 கிலோமீட்டர் காற்று. இரண்டு மாடி உயரத் தண்ணீர். அதே கட்டத்தில் 2025 ஜனவரி 30-ம் தேதி நீமோ முனையைக் கடந்தார்கள். எந்தத் திசையில் போனாலும் நிலம் 2,600 கிலோமீட்டருக்கு அப்பால். மேலே பறக்கிற விண்வெளி நிலையத்து ஆட்கள்தான் பல சமயம் மிக அருகில் இருக்கிற மனிதர்கள். அங்கே தண்ணீர் மாதிரி எடுத்துக்கொண்டு வேறு வந்தார்கள், ஆராய்ச்சிக்காக.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டீ கிளாஸைத் தட்டில் வைத்துக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். கவிழ்ந்தது. "இதுக்கு கீல் இல்ல" என்றார்.

கற்றுக்கொள்ள ஆசை இருக்கிற இளைஞர்களுக்கு: சென்னைத் துறைமுகத்தில் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கிறது. எடுத்த எடுப்பில் 56 அடியெல்லாம் தரமாட்டார்கள். சின்னப் படகுதான், உங்கள் உடம்புதான் கீல். முதலில் நீச்சல் தெரியுமா என்று கேட்பார்கள். அப்புறம் ஆரம்பப் பாடங்களிலேயே ஒன்று வரும்: படகை வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டு நிமிர்த்துவது.